எழுத்துத் திருட்டு: பிரதியை எடுத்தவள் மட்டும்தான் குற்றவாளியா?

ஜெலுத்தோங் வாசகன்

ஆர். எஃப். குவாங் எழுதி 2023-இல் வெளிவந்த ‘எல்லோஃபேஸ்’ நாவலை எங்கள் பினாங்கு வாசகர் வட்டத்தில் இந்த மாதத்திற்கு எடுத்திருக்கிறோம். கூட்டத்திற்கு முன்பே இங்கே கொஞ்சம் சண்டை போட்டுப் பார்க்கலாம் என்று இழையைத் திறக்கிறேன். கதை முழுவதும் வெளிப்படும். படித்து முடிக்காதவர்கள் இப்போதே நகர்ந்துகொள்ளுங்கள், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

ஜூன் ஹேவர்ட் வெள்ளைக்காரப் பெண், எழுத்தாளர். முதல் நாவல் விலைபோகவில்லை. அவளுடன் யேலில் படித்த சீன வம்சாவளிப் பெண் அத்தீனா லியூவோ புகழின் உச்சியில் இருக்கிறாள். ஓர் இரவு அத்தீனாவின் வீட்டில் இருவரும் பாண்டான் அப்பம் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். அமெரிக்க நாவலில் நம் ஊர்ப் பலகாரத்துப் பாண்டான் இலை வாசனை வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அப்பம்தான் தொண்டையில் சிக்கி அத்தீனா சாகிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அத்தீனா தட்டச்சுப் பொறியில் எழுதுகிறவள். அப்போதுதான் முடித்திருந்த நாவலுக்கு வேறு நகல் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. முதல் உலகப் போரில் பிரிட்டனும் பிரான்சும் கூலிக்குக் கொண்டுபோன ஏறத்தாழ 1,40,000 சீனத் தொழிலாளர்களைப் பற்றிய கதை. ஜூன் அதை எடுத்துப்போய்ச் செப்பனிட்டுத் தன் பெயரில் விற்றுவிடுகிறாள்.

என் கட்சி இது. திருட்டு சில பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. மீதி நாவல் முழுக்கப் பதிப்பகத்தின் அலுவலகம். வெள்ளைக்காரப் பாத்திரங்களை இதமாக்குகிறார்கள். வாசகர் குழம்புவார் என்று சீனப் பெயர்களில் கை வைக்கிறார்கள். ஆசிரியர் பெயரை ‘ஜூனிப்பர் சாங்’ என்று மாற்றுகிறார்கள். சாங் அவளுடைய நடுப்பெயர்தான், பொய்யில்லை. ஆனால் காதில் விழுந்தால் சீனப் பெயர். பிரதியைச் சீனர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்கலாமே என்று கேட்ட இளநிலை உதவியாளர் கேண்டிஸ் ஓரங்கட்டப்படுகிறாள். அந்தக் கட்டடத்தில் கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்குக் கேட்காமல் இருப்பதில் லாபம் இருந்தது. எடுத்தவளைவிட, கேட்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்காமல் விட்டவர்கள்தான் எனக்குப் பெரிய குற்றவாளிகளாகத் தெரிகிறார்கள்.

நம் பக்கம் அந்த நாற்காலியே இல்லை. எழுதியவரே அச்சகத்திற்குப் பணம் கட்டுகிறார், அவரே மண்டபம் எடுத்து வெளியிடுகிறார், முதல் நூலை வாங்கப் பிரமுகரையும் அவரே தேடுகிறார். இதில் யார் யாரைக் கேட்பது?

தருமியின் பேரன்

எங்கள் தாத்தாவை இழுக்காமல் இந்த விவாதம் நகராது என்று தெரியும், நானே இழுத்துவிடுகிறேன். அடுத்தவர் பாட்டைத் தன் பாட்டு என்று சொல்லிப் பாண்டியன் சபையில் பொற்கிழிக்கு நின்றவர் அவர். ஆனால் அவருக்குப் பாட்டைக் கொடுத்தவன் மனம் உவந்து கொடுத்தான்; மாட்டிக்கொண்டதும் நேரில் வந்து பொறுப்பும் ஏற்றான். நக்கீரர்கூடப் பாட்டில் பொருட்குற்றம் இருக்கிறதா என்றுதான் பார்த்தாரே தவிர, ‘இது உன் பாட்டு மாதிரி இல்லையே’ என்று முதலில் கேட்கவில்லை. ஆக, சங்கத்திலேயே பதிப்பாசிரியர் சரியில்லை. ஜெலுத்தோங் அண்ணன் கட்சிக்கு என் ஓட்டு.

குறுந்தொகையில் அந்தப் பாட்டு இறையனார் பெயரில்தான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். தொகுத்தவர் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்.

செந்தூல் மெய்ப்பர்

நான் கோலாலம்பூரில் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்த்தவன். பெயர் வேண்டாம். ஞாயிறு பதிப்புக்கு வரும் சிறுகதைகள் என் மேசை வழியாகத்தான் அச்சுக்குப் போகும்.

அந்தக் காலத்துத் திருட்டு எளிமையானது. தமிழ்நாட்டு வார இதழ் இங்கே கப்பலில் வந்து சேர நாளாகும். பழைய இதழ் என்றால் யாருக்கும் நினைவிருக்காது. ஊர்ப் பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. ஒரு கதை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கதை நடக்கும் இடம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். காவிரி இருந்த இடத்தில் பேராக் ஆறு ஓடியது. தென்னந்தோப்பு ரப்பர்க் காடாகியிருந்தது. எல்லாம் கச்சிதம். ஆனால் மூன்றாவது பக்கத்தில் சொத்துத் தகராறு முற்றி, கதாநாயகனின் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிராம முன்சீப்பைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். தோட்டத்தில் ஏது கிராம முன்சீப்? கணக்கு எழுதும் கிராணி இருப்பார், கங்காணி இருப்பார், துரை இருப்பார். லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். பிறகு எந்தச் சொத்துக்குத் தகராறு?

தாளை எடுத்துக்கொண்டு பொறுப்பாசிரியரிடம் போனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒருமுறை படித்தார். சிவப்புப் பேனாவால் ‘கிராம முன்சீப்’ என்பதை அடித்து, தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற ‘தண்டல்’ என்று எழுதிக் கையில் கொடுத்தார். “இப்போது சரியாக இருக்கிறதா? பக்கம் காலியாக இருக்கிறது ஐயா, போய் ஏற்பாடு செய்யுங்கள்” என்றார்.

கதை வந்தது. அனுப்பியவர் அதை வைத்தே இரண்டு மேடைகளில் பொன்னாடை வாங்கிவிட்டார். திருட்டின் கடைசித் தடயத்தை அழித்துக் கொடுத்தது எங்கள் அலுவலகம். இந்த நாவலில் நான் எழுந்து நின்று படித்த இடம் கேண்டிஸ் வரும் பக்கங்கள்தான். கேட்கிற ஆளுக்குச் சம்பளம் குறைவு, பதவி சிறியது, நாளைக்கே அனுப்பிவிடலாம். அப்புறம் யார் கேட்பார்?

பிறை அக்காள்

எல்லோரும் அலுவலகத்தைத் திட்டுகிறீர்கள். நாவலில் அத்தீனா ஒன்றும் சுத்தத் தங்கமாக வரவில்லையே, அதை ஏன் ஒருவரும் தொடவில்லை? கல்லூரியில் ஜூனுக்கு ஒரு கொடுமை நடக்கிறது. அழுதுகொண்டே தோழியிடம் சொல்கிறாள். கொஞ்ச நாளில் அது அத்தீனா எழுதிய சிறுகதையாக வெளிவருகிறது. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பிரதியைத் தூக்கியவள் திருடி. வலியைத் தூக்கியவள் மேதை. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டியதுதான் குவாங்கின் கெட்டிக்காரத்தனம்.

மற்றபடி நாவல் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பின்பாதியில் சமூக ஊடகச் சண்டை பக்கம் பக்கமாக ஓடுகிறது. முடிவில் கேண்டிஸ் பேய்ப்படம் மாதிரி படிக்கட்டில் வந்து நிற்பது நாடகத்தனம். அமெரிக்காவில் அந்தப் படிக்கட்டு இருக்கிற இடத்துக்கும் நம் பினாங்குத் தலைநகர் மாதிரி ஜார்ஜ்டவுன் என்றுதான் பெயர். நம் ஊர்க்காரர்கள் அதற்காக ஒரு மதிப்பெண் கூட்டிப் போட வேண்டாம்.

ஜெலுத்தோங் தம்பிக்கு ஒரு பதில். பதிப்பகம் பெரிதாக இருந்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று எண்ணாதீர்கள். 2006-இல் சென்னையில் பிறந்த ஹார்வர்ட் மாணவி ஒருவரின் முதல் நாவல், வேறொருவர் புத்தகங்களிலிருந்து வரிகள் வந்திருப்பது தெரிந்ததும், வெளியான சில வாரங்களிலேயே கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அங்கே இத்தனை நாற்காலிகள் இருந்தும் கண்டுபிடித்தவர்கள் வாசகர்கள்தான். இங்கே அந்த வாசகரும் குறைந்துவிட்டார். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இல் நின்றுவிட்டது. இருக்கிற பக்கங்களில் எழுத ஆள் வந்தால் போதும் என்ற நிலையில் துருவித் துருவிக் கேட்பது யாருக்கு முடியும்?

ஜெலுத்தோங் வாசகன்

அக்கா, அத்தீனா விஷயம் நியாயம்தான். ஆனால் காதில் கேட்டதைக் கதையாக்குவதும் மேசையிலிருந்து தாள்களைத் தூக்குவதும் ஒன்று என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதலாவதைச் செய்யாத எழுத்தாளர் யாராவது இருந்தால் பெயர் சொல்லுங்கள்.

கித்தாக் காட்டான்

நான் கெடாவில் தோட்டத்தில் பிறந்தவன், இப்போது பட்டர்வொர்த். நாவல் படிக்கிற பழக்கம் குறைவு. மகள் கொடுத்ததால் இதைப் படித்தேன். அத்தீனாவின் அம்மாவிடம் ஜூன் போகிறாளே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வந்தேன். மகளின் குறிப்பேடுகளைப் பல்கலைக்கழகத்திற்குக் கொடுக்கலாம் என்று அந்தத் தாய் நினைத்திருக்கிறாள். ஜூன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுதல் சொல்லுகிற மாதிரியே பேசிப் பேசி, வேண்டாம் என்று ஆக்கிவிடுகிறாள்.

எங்கள் தாத்தா சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். 1942-43-இல் ஜப்பான்காரன் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்ட கதை உங்களுக்குத் தெரியும்; நம் தோட்டங்களிலிருந்து போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனை ஆயிரம் என்பதும் தெரியும். தாத்தா திரும்பினார். வயதான பிறகு பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதி வைத்தார். மூன்று நோட்டுகள், பென்சில் எழுத்து. அவர் இறந்த பிறகு எழுத்தாளர் ஒருவர் வந்து, ஒரு வாரத்தில் தருகிறேன் என்று அப்பாவிடம் வாங்கிக்கொண்டு போனார். இரண்டுதான் திரும்பின.

பிறகு நாவல் வந்தது. வெளியீட்டுக்கு அப்பாவையும் அழைத்தார்கள். மொய்க் கவரோடு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். முன்னுரையில் ‘பல முதியவர்கள் கூறிய தகவல்கள்’ என்று ஒரு வரி இருந்தது. எங்கள் தாத்தா அந்தப் ‘பல’வுக்குள் இருக்கிறார்.

முகாமில் செத்தவர்களைக் கணக்கு வைக்கத் தாத்தா அரைஞாண் கயிற்றில் முடிச்சுப் போட்டிருக்கிறார். நோட்டில் இப்படி எழுதியிருக்கிறார்: ‘முடிச்சு கூடக் கூடக் கயிறு குட்டையாகி இடுப்பில் கட்ட எட்டவில்லை.’ அந்த வரி, எழுத்து மாறாமல், புத்தகத்தில் இருக்கிறது. சொல்பவன் மட்டும் வேறு. கங்காணி மகளைக் காதலிக்கிற வாட்டசாட்டமான ஓர் இளைஞன். எங்கள் தாத்தா காதலித்தவரும் இல்லை, வாட்டசாட்டமும் இல்லை. போகும்போது அவருக்கு மூன்று பிள்ளைகள், திரும்பும்போது ஒன்று.

எந்த நூல் என்று தேடாதீர்கள். மரண ரயிலைப் பற்றி நீங்கள் அறிந்த நாவல்கள் எதுவும் அல்ல. கடையில் கிடைக்காத சிறிய புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கிறார், வயதானவர். இங்கே அவரைச் சந்தி சிரிக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஜெலுத்தோங் சார், உங்கள் கேள்விக்கு என் பதில்: திருடு தாளைத் தூக்கியபோது நடக்கவில்லை. தாளை அப்பாவே கையால் எடுத்துக் கொடுத்தார். முன்னுரையில் பெயரை எழுதாமல் பேனாவை மூடி வைத்தாரே, அப்போது நடந்தது.

பிறை அக்காள்

தம்பி, மனம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் புத்தகம் வராமல் இருந்திருந்தால் அந்தக் கயிற்றைப் பற்றி உங்கள் வீட்டைத் தாண்டி யாருக்காவது தெரிந்திருக்குமா? நோட்டுகளை நீங்களே அச்சில் கொண்டுவர இத்தனை வருடம் என்ன தடை? நம் வீடுகளில் பெரியவர்கள் எழுதியதெல்லாம் டிரங்குப் பெட்டியில் கிடந்து பூச்சி அரிக்கிறது. யாரோ ஒருவர் பிழையாகவாவது கொண்டு வந்தாரே என்று நினைக்கிறவள் நான்.

கித்தாக் காட்டான்

ஜூன் பேசுகிற வசனம் இது, அக்கா. ‘நான் எடுக்காவிட்டால் அப்படியே போயிருக்கும், நான்தான் முடித்தேன், நான்தான் உழைத்தேன்.’ புத்தகம் முழுக்க அவள் இதைத்தான் சொல்கிறாள்.

அச்சிட என்ன தடை என்று கேட்டீர்கள். பணம்தான் தடை. அப்பா பால்வெட்டுக் கூலி. ஐந்நூறு பிரதி அடித்து, மண்டபம் எடுத்து, சாப்பாடு போட்டு, பிரமுகருக்கு மாலை வாங்க எங்களிடம் என்ன இருந்தது? மேடை இருக்கிறவர்கள் புத்தகம் போடுகிறார்கள், மேடை இல்லாதவர்கள் தகவல் கொடுக்கிறார்கள்.

தருமியின் பேரன்

நகைச்சுவையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைக்கிறேன். நான் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவன். ‘பழையவர்கள் எல்லாருமே ஒருவரிலிருந்து ஒருவர் எடுத்தவர்கள்தானே, வழிநூல் என்று இலக்கணமே இடம் கொடுக்கிறதே’ என்று மேடையில் பேசித் தப்பிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. தொல்காப்பியம் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று வழிநூலுக்கு நான்கு வழி சொல்கிறதே தவிர, முதல்நூலை மறைத்தல் என்று ஐந்தாவது வழி எதையும் சொல்லவில்லை. கம்பர் வாயிலிலேயே அறிவித்துவிடுகிறார்: வடமொழியில் இக்கதை செய்தவர் மூவர், அவர்களில் முந்தியவர் சொன்னபடியே நான் சொல்கிறேன் என்று. பத்தாயிரம் சொச்சம் விருத்தங்கள் பாடுகிறவருக்கு ஒரு விருத்தம் நன்றிக்கு ஒதுக்க முடிந்திருக்கிறது. முன்னுரையில் ஒரு பெயர் எழுத இடமில்லை என்றால் எப்படி?

சட்டப்புத்தகம்

இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள். மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அது எழுதப்பட்ட வடிவத்தைக் காக்கிறது. எண்ணத்தையும் செய்தியையும் காக்காது. முகாமில் ஒருவர் கயிற்றில் முடிச்சுப் போட்டார் என்பது செய்தி; யாரும் எழுதலாம். ஜூன் வாய்விட்டுச் சொன்னதை அத்தீனா கதையாக்கியதும் இந்த வகைதான். அது அசிங்கம், ஆனால் பதிப்புரிமை வழக்காகாது. ‘கயிறு குட்டையாகி இடுப்பில் கட்ட எட்டவில்லை’ என்பது வாக்கியம். அது தாத்தாவுடையது. ஒரு வரிக்காக நீதிமன்றம் அசைவது கடினம். இப்படிப் பக்கங்கள் இருந்தால் நிலைமை வேறு.

கித்தாக் காட்டான் ஐயாவுக்குப் பயன்படும் சில விஷயங்கள். பொதுவாக உரிமை ஆசிரியர் இறந்து 50 ஆண்டு வரை நிற்கும். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது வெளியாகாத எழுத்தாக இருந்தால், முதலில் வெளியான ஆண்டுக்குப் பிறகுதான் அந்த 50 கணக்கிடப்படும். ஆகவே நோட்டுகளில் அச்சேறாத பகுதிகள் வாரிசுகளிடம் பத்திரமாக இருக்கின்றன. நோட்டைக் கையில் கொடுத்ததால் உரிமையையும் கொடுத்ததாக ஆகாது. உரிமை மாற எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அப்பா எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால் எதுவும் மாறவில்லை. ஆசிரியர் பெயரைச் சொல்லாமல் அவர் எழுத்தை வெளியிடுவதைத் தடுக்கும் உரிமையும் தனியாக இருக்கிறது. அவர் இறந்த பிறகு அவருடைய சட்டப் பிரதிநிதி அதை எடுத்துப் பேசலாம். 2012 முதல் விருப்பமுள்ளவர்கள் அறிவுசார் சொத்துக் கழகத்தில் பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு. பதியாவிட்டாலும் உரிமை உண்டு. பதிந்தால் நிரூபிப்பது எளிது.

வழக்குப் போடச் சொல்லவில்லை. வயதான மனிதர், ஐந்நூறு பிரதி, அதில் பாதி அவர் வீட்டுப் பரணில் இருக்கும். வென்றாலும் கிடைப்பது வழக்கறிஞர் கட்டணத்துக்குப் போதாது.

செந்தூல் மெய்ப்பர்

வழக்கு வேண்டாம். நேரில் போய் இரண்டு காரியம் கேளுங்கள்: மூன்றாவது நோட்டு, மறுபதிப்பு வந்தால் தலைப்புப் பக்கத்தில் தாத்தா பெயர். முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதற்கு இழுப்பார் என்பது என் கணிப்பு. எழுத்தாளர்களுடன் பழகியவன் சொல்கிறேன், தாளைக்கூடக் கொடுத்துவிடுவார்கள்.

அதைவிட முக்கியம், இருக்கிற இரண்டு நோட்டுகளையும் முதலில் படம் பிடியுங்கள். பிறகு அப்படியே நூலாக்குங்கள், நாவலாக வேண்டாம். தேசிய நூலகத்தில் நூல் எண் வாங்குங்கள். அச்சானதும் சட்டப்படி அங்கே ஐந்து பிரதி ஒப்படைக்க வேண்டும். உங்கள் தாத்தா பெயர் நாட்டின் பட்டியலில் ஏறிவிடும், அதை யாரும் அடித்துத் திருத்த முடியாது. ஐந்நூறு பிரதி எதற்கு? இப்போதெல்லாம் ஐம்பது பிரதிகூட அடித்துத் தருகிறார்கள். மண்டபமும் வேண்டாம், மாலையும் வேண்டாம். மெய்ப்பு நான் பார்த்துத் தருகிறேன், காசு வாங்க மாட்டேன்.

ஜெலுத்தோங் வாசகன்

எங்கள் வட்டத்தில் கித்தாக் காட்டான் சாரைப் பேச அழைக்கிறோம். நாவலைப் பற்றி நான் தயாரித்த பத்துப் பக்கக் குறிப்பை ஒரு பக்கமாகக் குறைத்துக்கொள்கிறேன். கேட்காத அலுவலகம்தான் குற்றவாளி என்ற என் கட்சியை மட்டும் கைவிடவில்லை. செந்தூல் ஐயாவின் சிவப்புப் பேனா ஒன்றே எனக்குப் போதும்.

கித்தாக் காட்டான்

வருகிறேன். பேச்சாளன் இல்லை, நோட்டைப் பார்த்துப் படிக்கிறேன்.

பிறை அக்காள்

தம்பி, என் பேச்சு பேச்சாக இருக்கட்டும். நோட்டுகளைத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமே. பழைய ‘லை’, ‘னை’ எழுத்துகளில் எழுதியிருப்பார், பென்சிலும் மங்கியிருக்கும். எனக்கு அந்தக் கையெழுத்தெல்லாம் பழக்கம். பள்ளி விடுமுறையில் முடித்துத் தருகிறேன், அனுப்புங்கள்.

கித்தாக் காட்டான்

நன்றி அக்கா. ஒரே ஒரு நிபந்தனை. தாத்தா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர், றகரம் ரகரமெல்லாம் மாறி மாறி வரும். திருத்தாதீர்கள்.

பிறை அக்காள்

முப்பது வருடம் சிவப்பு மையோடு இருந்த கை தம்பி, சும்மா இருக்காது. உள்ளே தொட மாட்டேன், அடிக்குறிப்பில் போட்டுக்கொள்கிறேன். அதற்கும் ஆட்சேபம் என்றால் கூட்டத்தில் வந்து சண்டை போடுங்கள்.